நாற்பத்தைந்து நிமிடக் காப்பியும் தம்பியின் பதினோரு பக்கத் திட்டமும்

ரிசான்,
ஜூன் 16, ஞாயிறு.

அன்புக்குரிய தம்பி மிர்ச்சேத்தாவுக்கு, உன் உடன்பிறந்த அண்ணன் பிளாஜோ எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கே நானும் உன் அண்ணி கோஸ்பவாவும் தேக சுகத்தோடு இருக்கிறோம். அங்கே மால்மோவில் நீயும் பிர்கித்தாவும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ அனுப்பிய பதினோரு பக்கங்களைப் பார்த்ததுமே உன் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு பல்வலி இருந்தால்கூட மனிதனால் இவ்வளவு கட்டம் போட முடியாது.

உன் விடுமுறைத் திட்டம் பத்திரமாக வந்து சேர்ந்தது. எட்டு நாள், இருபத்தாறு இடம், நாளுக்கு ஒரு நிறம். தம்பி கோடைக்குக் குடும்பத்தோடு வருகிறான் என்று ரொட்டிக் கடையிலிருந்து மாதா கோயில் வரைக்கும் சொல்லி வைத்திருந்த நான், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நம் வீடு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடினேன். முதல் நாளில் இல்லை. இரண்டாம் நாளில் இல்லை. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, ஒரு மஞ்சள் கட்டத்துக்கும் ஒரு பச்சைக் கட்டத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது: ‘10.15 – 11.00. அண்ணன் வீடு. காப்பி.’ அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், ‘சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டாம்.’ தம்பி, நம் வீட்டுக்குத் தபால்காரர் வந்தாலே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். பதிவுத் தபாலாக இருந்தால் மத்தியானச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுப் போவார். நீ, என் கூடப் பிறந்தவன், பதினோரு வருடம் கழித்து வருகிறவன், உனக்கு முக்கால் மணி நேரம்!

தங்குவது எங்கே என்று பார்த்தேன். புத்வாவில், நீச்சல்குளம் உள்ள ஓட்டலில். நம் வாசல்படியிலிருந்து கடலுக்கு முப்பத்தெட்டு அடி. நீயே சின்ன வயதில் அளந்தவன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், கடலைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு அலைகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். நேரக் கணக்கு அதைவிட அழகு. வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்திருக்கிறாய். மால்மோவில் தரை தட்டுப் போல இருக்கும், அங்கே அளவுகோல் செல்லும். நம் நாட்டை இஸ்திரி போட்டு விரித்தால் ருஷ்யா அளவுக்கு வரும் என்று அப்பா சொல்வாரே, மறந்துவிட்டாயா? இத்தனையும் போதாதென்று கடைசிப் பக்கத்தில் எனக்கு ஒரு வேலை வேறு: ‘அண்ணா, முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவன் நீ. நேரங்கள் சரியாக வருமா என்று மட்டும் பார்த்துச் சொல்.’ மட்டும்! அண்ணன் என்பவன் உனக்கு ஒரு கால அட்டவணை.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த உன் அண்ணியிடம் போய்ச் சொன்னேன்:

“இவன் போட்ட நாலாம் நாளை நாளைக்கு அப்படியே ஓட்டிப் பாக்கப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள வந்து, நடக்காதுடா மடையான்னு ஒரு வரி எழுதிப் போட்டுடறேன்.”

“நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு?”

“கடிகாரத்தை யார் பாக்குறது? நீங்க பாத்தா அவன் தோக்குற மாதிரிதான் பாப்பீங்க.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு, உன் கட்டத்தில் போட்டிருந்தபடியே, கிளம்பினோம். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். சோதனை ஓட்டத்துக்கு எதற்கு உதட்டுச் சாயம் என்று கேட்டேன். உன் திட்டத்தை மடியில் விரித்துக்கொண்டாள். கோத்தோர் வரைக்கும் உன் கணக்கு சரியாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். அதற்கு மேலேதானே மலை. இருபத்தைந்து கொண்டை ஊசி வளைவு. பதினாறாவது வளைவில் மேலே போகிற சுற்றுலா பஸ் ஒன்றும் கீழே வருகிற வீட்டு வண்டி ஒன்றும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. படுக்கை, அடுப்பு எல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்களே, அந்த வண்டி. பின்னால் போகத் தெரியாத மனிதர் அதை ஓட்டுகிறார். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு கார், மூன்றாவதாக நாங்கள். எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முதல் கட்டத்திலேயே உன் திட்டம் செத்துப்போனது என்று சிகரெட் பற்றவைத்தேன்.

“இறங்கிப் போய் ஏதாவது செய்யுங்க,” என்றாள் அண்ணி.

“எனக்கென்ன? நான் பென்ஷன் வாங்குறவன்.”

“வீட்ல மட்டும் ஊர்ல இருக்கிற டிரைவர் பூரா உங்ககிட்ட பாடம் படிக்கணும்னு பேசுவீங்கல்ல?”

வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினேன். பஸ் டிரைவர் முப்பது வயது ஆள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “பெரியவரே, ஓரமா நில்லுங்க, அடிபடப் போவுது,” என்றான். பெரியவர்! இந்தப் பதினாறாவது வளைவில் நான் பனியில் பஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மாவுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. “டேய், இறங்குடா,” என்றேன். “நீ போய் என் காரைப் பின்னால எடு, மத்த ரெண்டு காரையும் எடுக்கச் சொல்லு. உன் பஸ்ஸை நான் எடுக்கிறேன்.” என் குரலில் என்ன இருந்ததோ, இறங்கிவிட்டான். நான் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்கிறேன், பக்கத்து முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உன் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். எப்போது ஏறினாளோ. உள்ளே நாற்பது வெளிநாட்டுக்காரர்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம். பின்னுக்கு நகர்த்தத் தொடங்கியதும் எல்லோரும் அவரவர் மொழியில் கடவுளைக் கூப்பிட்டார்கள். பதினைந்தாம் வளைவில் ஒரு அகலம் இருக்கிறது, அது எனக்குத் தெரியும், அந்த டிரைவருக்குத் தெரியாது. அங்கே கொண்டுபோய் ஒதுக்கி, வீட்டு வண்டியை இறங்கவிட்டு, இறங்கி வந்தேன். கை தட்டினார்கள். ஒரு கிழவி எனக்கு மிட்டாய் கொடுத்தாள். எனக்குப் பெருமை ஒன்றுமில்லை, விவரத்துக்காக எழுதுகிறேன்.

காருக்குத் திரும்பி மேலே ஏறினோம். இருபத்து மூன்றாம் வளைவில் உன் அண்ணி கேட்டாள்.

“தினமும் இப்படித்தான் வருவீங்களா?”

“இது என்ன? பனிக்காலத்துல வந்து பாக்கணும்.”

“நான் வாசல்ல நின்னுக்கிட்டு, சூப்பு ஆறிப்போச்சு, சூப்பு ஆறிப்போச்சுன்னு கத்துவேன்,” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெண்கள் சம்பந்தமில்லாமல் எதையாவது பேசுவார்கள்.

நியேகுஷி கிராமத்தில் உன் கட்டம்: ‘புகையில் உலர்த்திய பன்றித்தொடை. சுவைத்தல். இருபது நிமிடம்.’ அங்கே புகைக்கூடம் வைத்திருக்கிற கிர்ஸ்தோ எனக்குப் பழக்கம். உன் தாளைக் கையில் வாங்கி, தலைக்கு மேலே வரிசையாகத் தொங்குகிற தொடைகளுக்கே வாசித்துக் காட்டுகிறவன் மாதிரி அண்ணாந்து பார்த்து உரக்கப் படித்தான்.

“இருபது நிமிஷம்! இந்தத் தொடை இங்க ஒரு வருஷமாத் தொங்குது அண்ணே. அது உங்க தம்பிக்காக ஒரு வருஷம் காத்துக்கிட்டு இருக்கு, அவரால ஒரு மணி நேரம் உக்கார முடியாதாமா?”

அதற்குப் பிறகு நாங்கள் எப்படி எழுந்திருப்பது? ரொட்டி வந்தது, பாலாடைக்கட்டி வந்தது, ராக்கியா வந்தது. வண்டி ஓட்டுகிறவன் என்பதால் நான் உதட்டை மட்டும் நனைத்தேன். கிர்ஸ்தோ எங்களுடைய பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் விசாரித்து, எங்கோ ஐந்து தலைமுறைக்கு முன்னால் உறவைக் கண்டுபிடித்து, அதற்காக இன்னொரு தட்டு வெட்டினான். மூன்று மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சாதாரணமாகத்தான் கேட்டான்:

“தம்பி குடும்பம் எங்க தங்குறாங்க?”

“எங்க தங்குவாங்க? நம்ம வீட்லதான். அப்பாவோட அறையில,” என்றேன்.

வாயில் தானாக வந்துவிட்டது. உன் அண்ணி ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடவில்லை, பிய்த்துக்கொண்டே இருந்தாள். அறுபத்தாறு வயதில், ஒரு பன்றித்தொடைக்காரனிடம் உன்னால் பொய் சொன்னேன். இதையும் உன் திட்டத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதிக்கொள்.

அடுத்தது லோவ்சென் உச்சி. அங்கே நம் பழைய ராஜாவின் கல்லறை மண்டபத்துக்கு நானூற்று அறுபத்தொரு படி. நீ போட்டிருக்கிற நேரம் பன்னிரண்டு நிமிடம். ஆடு ஏறலாம், அதுவும் உன் மாதிரி அவசரக்கார ஆடாக இருந்தால். நான் காரைக் கீழே நிறுத்தி, “நீ வேணும்னா பாத்துட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்,” என்றேன். டிரைவர் மேலே ஏறுகிற வழக்கம் கிடையாது. அவள் முழங்கால் லட்சணம் உனக்குத் தெரியும். இருந்தும் ஏறத் தொடங்கிவிட்டாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுகிறாள். இருநூறாவது படியருகே நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், விழுந்து வைத்தால் வைத்தியம் நான்தானே பார்க்க வேண்டும். ஐம்பது நிமிடம் ஆயிற்று. மேலே காற்று தொப்பியைப் பிடுங்கியது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை, யாரோ துணி உலரப் போட்ட மாதிரி.

“அதோ கீழ வளைஞ்சு தெரியுதே, அதுவா நம்ம கடல்?”

“அதேதான்.”

“நீங்க எத்தனை தடவை இங்க வந்திருப்பீங்க?”

“சீசனுக்கு நூறு தடவை வந்திருப்பேன்.”

“கீழ நின்னு என்ன பண்ணுவீங்க?”

“சிகரெட் குடிப்பேன். குறுக்கெழுத்து போடுவேன்.”

மாதா கோயிலுக்குள் நுழைந்துவிட்ட ஆட்டைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். “முப்பத்தி நாலு வருஷம்,” என்றாள், “சொர்க்க வாசல்ல வண்டியை நிறுத்திட்டு உள்ள போகாம குறுக்கெழுத்து போட்டிருக்கீங்க. ஊர் உலகத்தையெல்லாம் இங்க ஏத்திக்கிட்டு வந்தீங்களே, என்னை ஒரு நாள் ஏத்தினீங்களா?”

அங்கே ஒரு ஜெர்மன்காரர் நின்றுகொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் யார் பக்கம் நியாயம் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

இறங்கி வந்ததும், “தம்பி தோத்துட்டான், வீட்டுக்குப் போவோம்,” என்றேன். அவள் தாளில் விரலை வைத்து, “ஏரி பாக்கி,” என்றாள். அவ்வளவுதான், ஏரிக்கரை விர்பசாருக்கு ஓட்டினேன். மத்தியானம் ஒரு மணிக்குப் படகு என்று நீ போட்டிருந்தாய். நாங்கள் போய்ச் சேர்ந்தது நாலரைக்கு. படகுக்காரன் பேரோ தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படகுக்குள் படுத்திருந்தான்.

“படகு போகுமா?”

“போகும்.”

“எப்ப?”

“போறப்ப.”

ஒருவழியாகப் போனோம். அல்லி படர்ந்த நடு ஏரியில் இயந்திரம் இரண்டு இருமல் இருமி நின்றுவிட்டது. பேரோ கயிற்றை ஒருமுறை இழுத்தான், யோசித்தான், மறுமுறை இழுத்தான், பிறகு சாய்ந்து உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான்.

“துடுப்பு இல்லையாப்பா?”

“இருக்கே.”

“அப்ப போடேன்.”

“எதுக்கு அண்ணே? காத்தடிச்சா அதுவே கரையில கொண்டுபோய் விட்டுடும்.”

“அடிக்கலைன்னா?”

“என் மச்சினன் தேடிக்கிட்டு வருவான்.”

“எப்ப வருவான்?”

“நான் வரலைன்னு தெரிஞ்சா.”

“எப்பத் தெரியும்?”

“சாப்பாட்டு நேரத்துக்கு.”

காற்று அடிக்கவில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. தப்பித்து எழுந்து போக முடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட புருஷனிடம் ஒரு பெண்டாட்டி என்ன செய்வாள்? பேசத் தொடங்கினாள். மெதுவாகத்தான் பேசினாள், அதுதான் கஷ்டம்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, அப்பாவோட நாப்பதாம் நாள் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“வந்தவங்க உக்கார இடம் பத்தலைன்னு மிர்ச்சேத்தா மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினான். அத்தனை பேர் முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?”

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“விருந்தாளியா வந்தவன் விருந்தாளியா இருன்னு சொன்னீங்க. அவன் பிறந்த வீட்ல. அவன் அப்பா செத்த நாப்பதாம் நாள்ல.” உன் தாள்களை எடுத்து என் முழங்காலில் வைத்தாள். “விருந்தாளி எங்க தங்குவான்? ஓட்டல்ல. எவ்வளவு நேரம் இருப்பான்? முக்கால் மணி நேரம். சாப்பாடு போடுன்னு கேப்பானா? கேக்க மாட்டான். நீங்க அன்னிக்குச் சொன்னதைத்தான் அவன் கட்டம் போட்டு எழுதி அனுப்பியிருக்கான். நீங்க என்னடான்னா அவனுக்குக் கணக்குத் தெரியலைங்கிறீங்க.”

பேரோவைப் பார்த்து, “துடுப்பைப் போடுடா!” என்று கத்தினேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவன் சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டு உடனே போட்டான். அந்த ஏரியில் அப்படி ஒருவனும் துடுப்புப் போட்டிருக்க மாட்டான். பாதி வழியில் எதிரே வந்த மச்சினன் எங்களைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிவிட்டான். அதற்கு மேல் வீடு திரும்ப எனக்குத் தெம்பில்லை. பேரோவின் வீட்டிலேயே மீன் வறுத்துப் போட்டார்கள், அங்கேயே படுத்தோம், மறுநாள் மத்தியானம் ரிசானுக்கு வந்து சேர்ந்தோம்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் தீர்ப்பு இது. ஒரு நாளுக்கு நீ போட்ட ஐந்து இடத்தில் மூன்று முடிந்தது, அதற்கு ஒன்றரை நாள் ஆயிற்று. உன் திட்டம் நடக்காது. எட்டு நாளில் இருபத்தாறு இடத்தை நீ பார்க்க மாட்டாய், இருபத்தாறு கார் நிறுத்துமிடத்தைத்தான் பார்ப்பாய். உன் அண்ணி பென்சிலால் ஒவ்வொரு நாளிலும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்திருக்கிறாள், அதை இத்துடன் வைத்திருக்கிறேன். மேசையைப் பற்றி அவள் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாக எண்ணிவிடாதே. எதற்கும் ஒரு இடம் உண்டு, மேசைக்கும் உண்டு. அண்ணனுக்கு வருத்தம் என்றும் எண்ணாதே, எனக்கு என்ன வருத்தம்? நீ தாராளமாகப் புத்வாவில் தங்கு, தொட்டியில் குளி. செவ்வாய்க்கிழமை 10.15க்கு வா. 10.20க்குக் காப்பி மேசையில் இருக்கும். பதினோரு மணிக்கு நானே கடிகாரத்தைப் பார்த்து எழுந்து கதவைத் திறந்துவிடுகிறேன். ஒரு துண்டு ரொட்டிகூட வைக்கக் கூடாது என்று உன் அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் இது சம்பந்தமாக எனக்குத் தாள் எதுவும் அனுப்பாதே.

ஓஸ்த்ரோக் மலைக்குகைப் புனிதர், பாறையோரம் வண்டி ஓட்டுகிற அத்தனை பேரையும் காக்கிறவர், உன்னையும் பிர்கித்தாவையும் பிள்ளைகளையும் வழி நெடுகக் காக்கட்டும். உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்க எனக்கு முக்கால் மணி நேரம் போதாது என்பதால் இப்போதே காகிதத்தில் ஆசீர்வதித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
பிளாஜோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், விமானத்திலிருந்து இறங்கி நீ நேரே புத்வாவுக்குப் போய் நின்றால் அசிங்கமாகிவிடும். உன் அறைகளை வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் ரத்து செய்துவிட்டேன். பிர்கித்தாவுக்குத் தெரியும், உன் அண்ணி அவளோடு போனில் பேசிவிட்டாள். தெரிந்த நாலு சொல் பாதி, சிரிப்பு பாதி, எப்படிப் பேசிக்கொண்டார்களோ, இரண்டு பேரும் கடைசியில் அழுதார்கள். ஓட்டலில் போனை எடுத்தது என் பழைய கண்டக்டர் ராடேயின் மகள். இல்லாவிட்டால் அடுத்தவன் அறையை ரத்து செய்ய என்னை விட்டிருக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, “மாமா, ரத்துக்குக் காரணம் எழுத இங்க ஒரு கட்டம் இருக்கு, என்ன போட?” என்று கேட்டாள். “அவனுக்கு இந்த ஊர்ல சொந்த வீடு இருக்கு, அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கன்னு போடும்மா,” என்றேன். “கட்டம் சின்னது மாமா, அவ்வளவு கொள்ளாது,” என்றாள். சரி, ‘வீடு’ என்று மட்டும் போடு என்றேன்.